விண்மீன் ஓடைகளும் பால்வீதியின் வரலாறும்: தோற்றம் தேடும் முறையியல் பற்றிய சில குறிப்புகள்

1

வானத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்னும் கருத்து மனித சிந்தனையிற் காலந்தாழ்த்தியே இடம்பெற்றது. மாறாமைக்கும் நித்தியத்துக்கும் உவமையாகவே வானம் நெடுங்காலம் எடுத்தாளப்பட்டு வந்தது. நியூற்றன் வகுத்த ஈர்ப்பு விதி கோள்களின் இயக்கத்தை விளக்கியதேயன்றி அவற்றின் தோற்றத்தை விளக்கவில்லை. 1755 இல் இமானுவேல் கான்ற், ஞாயிற்றுத் தொகுதி பரந்துகிடந்த சடப்பொருளிலிருந்து காலப்போக்கில் உருவாகியது என எழுதினார். இயற்கை என்றும் ஒரே நிலையினது என்ற கோட்பாட்டில் விழுந்த முதல் உடைப்பு இதுவே என எங்கெல்ஸ் மதிப்பிட்டார். அவர் மறைந்து முப்பது ஆண்டுகளின் பின், 1925 இல், வெளிவந்த 'இயற்கையின் இயங்கியல்' என்னும் நூலின் முன்னுரையில் இக்கருத்து வலியுறுத்தப்படுகின்றது. 'உள்ளது' எனக் காணப்படுவது உண்மையில் 'ஆகிவந்தது' என்பதே அதன் சாரமாகும்.

கான்ற் ஞாயிற்றுத் தொகுதியைப் பற்றி எழுப்பிய வினாவை நமது விண்மீன் மண்டலமாகிய பால்வீதி முழுவதையும் நோக்கி எழுப்புவது இருபதாம் நூற்றாண்டிலேயே இயல்வதாயிற்று. பால்வீதியின் புறத்தே சிதறிக் கிடக்கும் விண்மீன்கள் எங்கே பிறந்தவை? அங்கு நீண்ட ஓடைகளாகச் செல்லும் விண்மீன் வரிசைகள் எதன் எச்சங்கள்? இவ்வினாக்களுக்கு வானியலாளர் விடைகண்ட முறையினை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்விற் பயின்ற நாம் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பல காலத்துக்குரிய பாடல்கள் ஒரு தொகுதியுட் சேர்க்கப்பட்டிருக்கும்போது, எது முந்தியது, எது பிந்தியது, எது பிறிதோரிடத்திலிருந்து வந்து சேர்ந்தது எனக் கேட்பது நமது துறையின் அன்றாடப் பணி. ஆனால் நமது துறையில் தோற்றம் முதலில் அறிவிக்கப்பட்டு, சான்று பின்னர் தேடப்படுவது அரிதன்று. தோற்றம் பற்றிய கூற்று ஒன்று எவ்வாறு நிறுவப்படுகிறது, எவ்வாறு வீழ்த்தப்படுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டாகவே விண்மீன் ஓடைகளின் ஆய்வினை இங்கு கொள்கின்றோம்.

2

பால்வீதியின் விண்மீன்களிற் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரு இலட்சம் ஒளியாண்டு குறுக்களவுடைய தட்டையான தட்டொன்றில் உள்ளன. ஞாயிறும் அவற்றுள் ஒன்றே. அது மையத்தை ஒருமுறை சுற்றிவர 23 கோடி ஆண்டுகள் அளவிற் செல்கின்றன. இத்தட்டினைச் சூழ்ந்து எல்லாத் திசைகளிலும் பரந்துள்ள ஐதான பகுதியே பரிவேடம் எனப்படும். நிலவைச் சூழ்ந்து தோன்றும் வட்டத்துக்குரிய பெயரை ஒப்புமை கருதி இதற்கும் வழங்குகின்றோம். பால்வீதியின் விண்மீன் திணிவில் நூற்றில் ஓரிரு பங்கே இப்பரிவேடத்தைச் சேர்ந்தது. எனினும் வரலாற்றுச் சான்றுகளில் மிகப் பெரும்பங்கு இங்கேயே உண்டு.

இதற்குக் காரணம் பரிவேடத்தின் இயல்பேயாகும். தட்டில் வாயு முகில்களும் சுருட்கரங்களும் விண்மீன்களின் பாதைகளை ஓயாது குழப்புகின்றன. பரிவேடத்தின் வெளிப்பகுதியிலோ ஒருமுறை சுற்றிவருவதற்கே நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற் செல்லலாம். அகிலத்தின் வயதே ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளாகையால், அங்குள்ள ஒரு விண்மீன் தான் வந்த வழியை மறப்பதற்குப் போதிய காலம் கிடைக்கவில்லை எனலாம்.

3

பரிவேடத்தின் விண்மீன்கள் தனித்தன்மையுடையவை என்பது படிப்படியாகவே உணரப்பட்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஜேர்மனியரானமையால் யுத்தப் பணிகளில் ஈடுபடுத்தப்படாதிருந்த வால்ற்றர் பாடே, விளக்குகள் அணைக்கப்பட்டிருந்த லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் இருளைப் பயன்படுத்தி மவுண்ட் வில்சன் வானாய்வு நிலையத்திலிருந்து அந்திரொமீடா மண்டலத்தை நுணுகி ஆராய்ந்தார். விண்மீன்கள் இரு குடித்தொகைகளாக வகுக்கத்தக்கன என்ற முடிபை அவர் 1944 இல் வெளியிட்டார். 1950 இல் நான்சி றோமன், உலோகக் கோடுகள் மங்கலாகத் தோன்றும் விண்மீன்கள் வேறுபட்ட, விரைவான இயக்கமுடையன எனக் காட்டினார். வானியலாளர் ஐதரசன், ஈலியம் ஆகியவற்றினும் பாரமான மூலகங்கள் யாவற்றையும் 'உலோகம்' என்றே குறிப்பர். அவை விண்மீன்களின் உள்ளே ஆக்கப்பட்டு, அவற்றின் அழிவின்போது வெளியிடப்படுவதால், உலோகம் குறைந்த விண்மீன் பொதுவாக முற்பட்ட காலத்ததாகும்.

இத்தரவுகளை ஒரு வரலாறாக எழுதிய முதல் முயற்சி 1962 இல் எகன், லிண்டன்-பெல், சாண்டேஜ் ஆகிய மூவராலும் மேற்கொள்ளப்பட்டது. 221 விண்மீன்களை ஆராய்ந்த அவர்கள், உலோகம் குறைந்தவை நீண்டு ஒடுங்கிய பாதைகளிலும் உலோகம் மிகுந்தவை வட்டத்தை ஒத்த பாதைகளிலும் செல்வதைக் கண்டனர். மாபெரும் வாயு முகிலொன்று இருபது கோடி ஆண்டுகள் அளவிலான குறுகிய காலத்தில் ஈர்ப்பினால் உள்நோக்கிச் சரிந்தது என்றும், சரியும்போதே பிறந்தவை பரிவேடமாகவும் பின்னர் பிறந்தவை தட்டாகவும் அமைந்தன என்றும் அவர்கள் முடிபு செய்தனர். பால்வீதி ஒரே மூலத்திலிருந்து, ஒரே நிகழ்ச்சியில் உருவானது என்பதே இதன் பொருள்.

1978 இல் லெனாட் சேர்ள், றொபேட் சின் ஆகியோர் இதற்கு மாறான படமொன்றை முன்வைத்தனர். இலட்சக்கணக்கான விண்மீன்கள் பந்துபோல் நெருங்கித் திரண்டிருக்கும் கோளக்கொத்துகள் பத்தொன்பதில் 177 செம்பூத விண்மீன்களின் உலோகச் செறிவினை அவர்கள் அளந்தனர். முகில் ஒழுங்காகச் சரிந்திருப்பின், மையத்திலிருந்து விலகிச் செல்லச்செல்ல உலோகம் குறைதல் வேண்டும். வெளிப் பரிவேடத்தில் அத்தகைய ஒழுங்கு காணப்படவில்லை. ஆகவே வெளிப் பரிவேடம் தனித்தனியே வளர்ந்த பல துண்டங்கள் நீண்ட காலமாக வந்து வீழ்ந்ததால் ஆனது என அவர்கள் வாதிட்டனர்.

முதற் கருத்தினரின் விண்மீன் தெரிவில் விரைந்து இயங்குபவை மிகையாக இடம்பெற்றன என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது. எனினும் ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என இவ்விவாதத்தைச் சுருக்குதல் பொருந்தாது. உட்பகுதியில் உள்ளேயே பிறந்தவையும் வெளியிலிருந்து வந்தவையும் கலந்துள்ளன என்பதே பின்வந்த ஆய்வுகள் காட்டும் நிலையாகும். வினா 'எது?' என்பதிலிருந்து 'எந்த அளவில், எப்பொழுது, எவ்வழியால்?' என்பதற்கு மாறியமையே உண்மையான முன்னேற்றம்.

4

வந்து வீழும் துண்டம் ஓடையாக மாறுவது எவ்வாறு? கடலில் வற்றுப்பெருக்கினை உண்டாக்கும் அதே விசையே இங்கும் தொழிற்படுகின்றது. சிறிய மண்டலமொன்று பால்வீதியை நெருங்கும்போது, அதன் அண்மைப் பக்கம் கூடுதலாகவும் சேய்மைப் பக்கம் குறைவாகவும் ஈர்க்கப்படுகின்றன. இவ்வேறுபாடு அதன் சொந்த ஈர்ப்பினை விஞ்சும் இடத்தில் விண்மீன்கள் கழன்று செல்கின்றன. மையத்துக்கு அண்மையான பக்கத்தாற் கழன்றவை உட்பாதையில் முந்திச் செல்லும். மறுபக்கத்தாற் கழன்றவை வெளிப்பாதையிற் பின்தங்கும். இவ்வாறு தாய்ப் பொருளின் முன்னும் பின்னும் இரு வால்கள் நீண்டு, ஈற்றில் தாய்ப் பொருள் முற்றாகக் கரைந்த பின்னரும் ஓடை எஞ்சியிருக்கும்.

கேம்பிரிட்ஜில் இபாட்டா, கில்மோர், ஏர்வின் ஆகியோர் 1994 இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இச்செயன்முறை நம் கண்முன்னே நிகழ்வதைக் காட்டியது. பால்வீதி மையத்தின் விண்மீன் வேகங்களை அளந்துகொண்டிருந்தபோது, அவற்றோடு ஒவ்வாத பொது வேகமுடைய கூட்டமொன்று அவர்களுக்குப் புலப்பட்டது. அதுவே மையத்துக்கு அப்பால், நம்மிலிருந்து 80,000 ஒளியாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், சிதைந்துகொண்டிருக்கும் தனுசுக் குறுமண்டலம். அதன் விண்மீன்கள் வானத்தை முழுவதும் சுற்றிவளைக்கும் ஓடையாக விரிந்துள்ளமையை மயெவ்ஸ்கி முதலியோர் 2003 இற் காட்டினர்.

கோளக்கொத்துகளும் இவ்வாறே கரைகின்றன. 2001 இல் பலோமார் 5 என்னும் கொத்தின் இரு பக்கங்களிலும் வால்கள் கண்டறியப்பட்டன. அவை வானில் இருபது பாகைக்கு மேல் நீள்வது 2006 இல் தெரியவந்தது. அதே ஆண்டில் கிரில்மெயர், டயொனாட்டொஸ் ஆகியோர் ஜீடி-1 எனப் பெயரிட்ட மெல்லிய ஓடையொன்றைக் கண்டனர். அதன் தாய்ப் பொருள் எங்கும் காணப்படவில்லை. இன்று பால்வீதியில் நூறளவான ஓடைகள் பட்டியலிடப்பட்டுள்ளன.

நமது தீவிலிருந்து சித்திரை, வைகாசி இரவுகளில் தென்வானில் வெறுங்கண்ணுக்கு மங்கலான புள்ளியாகத் தோன்றும் ஒமேகா சென்டோரி இவ்வரலாற்றோடு தொடர்புடையது. தொலமி அதனை ஒரு விண்மீனாகவே பதிவு செய்தார். பின்னர் அது கோளக்கொத்துகளுட் பெரியது என வகுக்கப்பட்டது. உலோகச் செறிவில் வேறுபட்ட விண்மீன்கள் அதனுட் கலந்திருத்தலின், அது கரைந்துபோன குறுமண்டலமொன்றின் எஞ்சிய கருவாகலாம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதிலிருந்து கழன்ற ஓடையொன்றினை இபாட்டா முதலியோர் 2019 இல் அடையாளங் கண்டனர்.

5

தொலைவிலுள்ள ஓடைகள் கண்ணுக்கு ஓடையாகவே தோன்றுகின்றன. பழைய ஓடைகளோ பலமுறை மையத்தைச் சுற்றி மடிந்து, நம்மைச் சுற்றியுள்ள வெளியிலேயே கலந்துவிட்டன. இடத்தை மட்டும் கொண்டு அவற்றைப் பிரித்தறிய முடியாது. இங்கு இரு சாட்சிகள் துணைபுரிகின்றன.

முதலாவது இயக்கம். விண்மீன் ஒன்றின் இடம் கணந்தோறும் மாறினும், அதன் பாதைக்குரிய சக்தியும் சுழற்சியின் அளவாகிய கோண உந்தமும் எளிதில் மாறுவதில்லை. ஒரே பொருளிலிருந்து கழன்றவை இவ்வளவுகளில் அண்மித்தே நிற்கும். 1989 இல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கொஸ் செய்மதியின் தரவுகளைக் கொண்டு, 1999 இல் அமினா ஹெல்மி முதலியோர் ஞாயிற்றின் அயலிலேயே, பண்டு சிதைந்த மண்டலமொன்றின் விண்மீன்கள் சிலவற்றை இம்முறையால் வேறுபடுத்தினர்.

இரண்டாவது இரசாயன அமைப்பு. பெருந்திணிவு விண்மீன்கள் பிறந்து சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே வெடித்து ஒட்சிசன், மகனீசியம் முதலியவற்றை வாரி வழங்குகின்றன. இரும்பின் பெரும்பகுதியோ வெண்குறுமீன்களின் வெடிப்பினால், மிகப் பிந்தியே, வந்து சேர்கின்றது. பெரிய மண்டலத்தில் விண்மீன் உற்பத்தி விரைவானது. இரும்பு வந்து சேர்வதற்கு முன்னரே உலோகம் உயர்ந்துவிடும். சிறிய மண்டலத்தில் உற்பத்தி மந்தமானது. உலோகம் குறைந்திருக்கும்போதே மகனீசியத்துக்கும் இரும்புக்குமிடையிலான விகிதம் வீழ்ந்துவிடும். ஆகவே ஒரு விண்மீனின் நிறமாலையிலே அது பிறந்த சமூகத்தின் உற்பத்தி வேகமே பதிந்துள்ளது எனலாம். விண்மீன் எங்கு அலைந்தாலும் இப்பதிவு மாறுவதில்லை.

இவ்விரு சாட்சிகளும் ஒருங்கு சேர்ந்தபோதே பெரிய முடிபு சாத்தியமாயிற்று. 2013 டிசம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகவரகம் ஏவிய கையா செய்மதி, 2018 ஏப்ரில் 25 இல் வெளியான அதன் இரண்டாவது தரவுத் தொகுதியில் 130 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் தொலைவையும் வானிற் பெயர்ச்சியையும் தந்தது. அதே ஆண்டில் இரு குழுவினர் ஒரே நிகழ்ச்சியை வந்தடைந்தனர். கையாவின் முதற்றொகுதியை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் பெலொகுரொவ் முதலியோர், அயற்பரிவேட விண்மீன்களிற் பெரும்பாலானவை மையத்தை நோக்கியும் விலகியும் மிக நீண்ட பாதைகளிற் செல்வதைக் கண்டனர். வேகப் படத்தில் அவற்றின் வடிவம் நீண்டிருந்தமையால் அதற்குச் 'சொசேஜ்' என்ற பெயர் வந்தது. இரண்டாவது தொகுதியோடு இரசாயனத் தரவுகளையும் இணைத்த ஹெல்மி குழுவினர், பால்வீதியின் அக்காலத் திணிவில் நான்கில் ஒரு பங்களவான மண்டலமொன்று ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதிக் கரைந்தது என முடிபு செய்து அதற்குக் கையா-என்சிலாடஸ் எனப் பெயரிட்டனர்.

இம்மோதலில் இன்னொன்றும் நிகழ்ந்தது. பால்வீதியிலேயே பிறந்து தட்டில் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த விண்மீன்கள் பல நிலைகுலைந்து பரிவேடத்துக்கு எறியப்பட்டன. வந்தது கரைந்ததோடு வரவேற்ற இடமும் முன்போல் இருக்கவில்லை. இன்றைய பரிவேடத்தின் உட்பகுதி இவ்விரு சாராரும் கூடி ஆனதே.

6

இனி, தோற்றம் தேடுவோர் இடறிய இடங்களையும் நோக்குதல் வேண்டும். முறையியல் என்ற வகையில் இவையே கூடுதற் பயன் தருவன.

நமது மரபில் சுவாதி எனப்படும் ஆர்க்டூரஸ் விண்மீனோடு ஒத்த வேகத்திற் செல்லும் கூட்டமொன்றை எகன் 1971 இல் எடுத்துக்காட்டினார். அக்கூட்டம் வெளியிலிருந்து வந்த மண்டலமொன்றின் எச்சம் என்ற கருத்து 2004 இல் முன்வைக்கப்பட்டது. ஆனால் 2009 முதலாக வெளிவந்த இரசாயன ஆய்வுகள் அக்கூட்டத்தில் ஒரு பொது அமைப்பினைக் காணவில்லை. அதன் விண்மீன்கள் தட்டிலுள்ள ஏனையவற்றைப் போன்றே பலதிறப்பட்டிருந்தன. பால்வீதியின் மையத்திலுள்ள கோலுருவான திரட்சியும் சுருட்கரங்களும் தாளம் தவறாது ஈர்ப்பதால், தொடர்பில்லாத விண்மீன்களும் ஒரே நடையில் இணையக்கூடும். தேர்வடம் பிடிப்போர் ஒரே திசையில் நடப்பதால் ஒரே வீட்டிற் பிறந்தவராகிவிடுவதில்லை.

இதனையொத்த பிறிதொரு வழு, விலகி நிற்பதை அந்நியம் எனக் கொள்வதாகும். தட்டின் தளத்துக்கு மேலும் கீழும், வெகுதொலைவில், விண்மீன் திரட்சிகள் இரண்டு காணப்பட்டன. சிதைந்த மண்டலத்தின் துண்டுகளாக இவை இருக்கலாம் எனக் கருதப்பட்டது. 2018 இல் பேர்கமான் முதலியோர் அவற்றின் இரசாயன அமைப்பினை அளந்தபோது, அது தட்டின் விண்மீன்களோடு பொருந்திற்று. அவை தட்டிலிருந்து வெளியே உந்தப்பட்ட உள்ளூர் விண்மீன்களே. இடம் அந்நியமாயினும் பிறப்பு அந்நியமன்று.

மேலும், 2017 இல் ஜீன்-பப்டிஸ்ட் முதலியோர் கணினி மாதிரிகளைக் கொண்டு, ஒரே மோதல் இயக்க வரைபடத்திற் பல கூட்டங்களைத் தோற்றுவிக்கலாம் என்றும், உள்ளே பிறந்தவையும் அதே கூட்டங்களில் விரவியிருக்கும் என்றும் எச்சரித்தனர். கூட்டம் கண்ட இடமெல்லாம் புதியதொரு மண்டலத்துக்குப் பெயர் சூட்டும் போக்கிற்கு இது தக்க மறுப்பாகும். பெயர் சூட்டியவுடன் பொருள் நிறுவப்பட்டுவிட்டது என்ற மயக்கம் எளிதில் உண்டாகின்றது. கையா-என்சிலாடஸின் காலமே விவாதத்துக்கு அப்பாற்பட்டதன்று. காலம் செல்லச்செல்ல எச்சங்களில் மடிப்புகள் பெருகி மென்மையாகும் என்ற அடிப்படையில், நம்மைச் சூழவுள்ள எச்சங்களிற் பெரும்பங்கு 300 கோடி ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த மோதலுக்குரியது என டொன்லன் முதலியோர் 2024 இல் வாதிட்டுள்ளனர். ஒரே எச்சத்துக்கு இரு காலங்கள் கூறப்படுவது ஆய்வின் பலவீனமன்று. எந்த அளவீடு இரண்டுள் ஒன்றை வீழ்த்தும் என்று கூற இயல்வதே அதன் வலிமை.

எஞ்சியவற்றைக் கொண்டு இறந்தகாலத்தை மட்டிடுவதிலும் இடர் உண்டு. இன்று நிலைத்துள்ள கோளக்கொத்துகளின் உலோகச் செறிவு குறித்ததோர் எல்லைக்குக் கீழே செல்வதில்லை என நெடுங்காலம் நம்பப்பட்டது. 2022 இல் மாட்டின் முதலியோர் ஆராய்ந்த சீ-19 என்னும் ஓடையின் விண்மீன்கள், ஞாயிற்றின் உலோகச் செறிவில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்ததை ஒரே சீராகக் கொண்டிருந்தன. எல்லைக்குக் கீழான கொத்துகள் இருந்தன, அவை பிழைத்திருக்கவில்லை. பிழைத்திருப்பவற்றை மட்டும் மூலச்சான்றாகக் கொள்வோர் அழிந்தவற்றின் வரலாற்றை இழப்பர் என்பது ஏட்டுச்சுவடிகளோடு பழகிய எவருக்கும் புதிதன்று.

ஓடைகள் தாம் வந்த கதையை மட்டும் கூறுவன அல்ல. ஜீடி-1 ஓடையில் வெற்றிடமும் கிளையொன்றும் 2018 இல் தெளிவாயின. ஞாயிற்றின் திணிவைப்போல் பத்து இலட்சம் முதல் பத்துக் கோடி மடங்கான ஏதோ ஒன்று அதனைக் கடந்து சென்றிருக்கலாம் என்பது 2019 இல் பொனாக்கா முதலியோர் செய்த கணிப்பாகும். அது கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளின் திரட்சியாயின், ஒளிராத பொருளின் அமைப்பினை அறிவதற்கு இவ்வோடைகளே கருவியாகும்.

7

இவ்வறிவின் சமூக அடிப்படை பற்றியும் ஓரிரு வார்த்தை கூறுதல் பொருந்தும். ஐரோப்பிய மக்களின் பொதுப்பணத்தில் உருவான கையா, 2025 ஆம் ஆண்டில் தன் பணியை முடித்து நிறுத்தப்பட்டது. அதன் தரவுகள் வெளியிடப்பட்ட கணத்திலேயே, ஆக்கியவருக்கெனத் தனிக்காலம் ஒதுக்காது, உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. தரவு தனியுடைமையாக இல்லாதபோதே ஒருவர் முடிபை மற்றவர் விரைந்து சோதிக்கவும் மறுக்கவும் இயன்றது. எனினும் திறந்த கதவினூடே நுழைவதற்குக் கணினியும் பயிற்சியும் ஓய்வும் தேவை. இவை உலகிற் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இயற்கையின் நியதிகளைச் சமூகத்தின் மீது நேரே ஏற்றிக்கூறுவது எத்தகைய தீங்கினை விளைத்தது என்பதைச் சமூக டார்வினியத்தின் வரலாறு காட்டும். விண்மீன்களிலிருந்து மனிதக் குடிப்பெயர்வுக்கு நாம் விதி வகுக்க முற்படவில்லை. முறையியலோ இரு துறைக்கும் பொதுவானது. மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகள் பெறப்படும். நிற்கும் இடமோ உடன்செல்லும் கூட்டமோ தனித்து நின்று பிறப்புக்குச் சான்றாகா. ஒன்றையொன்று சாராத சாட்சிகள் உடன்படும்போதே தோற்றம் பற்றிய கூற்று நிறுவப்படும். உடன்படாதபோது அது கைவிடப்படல் வேண்டும். மூன்றாவதாக, தோற்றம் முறையாகத் தேடப்பட்ட இடத்தில் கலப்பற்ற மூலமொன்று கிடைக்கவில்லை. பல வரவுகளும் பல சிதைவுகளும் ஒன்றையொன்று மாற்றிய நீண்ட செயன்முறையே கிடைத்தது.

நமது இலக்கிய வரலாற்றிலும் பண்பாட்டு வரலாற்றிலும் 'மூலம்' என்ற சொல் ஆய்வின் முடிபாக அன்றி அதன் தொடக்கமாகவே எடுத்தாளப்படும் இடங்கள் பல உள. அவ்விடங்களில் எச்சான்று கிடைப்பின் நமது கூற்றைக் கைவிடுவோம் என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு மீளாய்வு செய்தல், இத்துறையில் ஈடுபடுவோர் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.